சித்திரை வெயிலில், உப்புக்கறியோடு ஒயின்: புதிதாகச் சுவைத்துப் பழகுகிறவருக்கு ஒரு பதில்

காரைக்குடியில் இருந்து வந்த கேள்வி, சுருக்கமாக: "சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் ஊருக்கு வரும்போது இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். ஒன்று நியூசிலாந்தின் வெள்ளை ஒயின், சொவின்யோன் பிளாங்க் திராட்சையில் செய்தது. இன்னொன்று ஆஸ்திரேலியாவின் பரோசா பகுதிச் சிவப்பு ஒயின், ஷிராஸ் திராட்சையில் செய்தது. ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று நான் ஒரு நாசிக் ஷிராஸ் வாங்கி வைத்தேன். சித்திரை மாதம், ராத்திரிச் சாப்பாடு, உப்புக்கறியும் கோழி வறுவலும். வெள்ளை வெறும் புளிப்பு. சிவப்பு இரண்டும் தொண்டையை எரித்தன, நாக்கை இழுத்துப் பிடித்தன. இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மச்சான் வெண்ணிலா வாசம் வருது, மிளகு வாசம் வருது என்கிறார். என் நாக்கில் கோளாறா, இல்லை இதெல்லாம் பாவலாவா? எப்படிப் பழகுவது, அண்ணே?"

தம்பி, நாக்கில் கோளாறு ஒன்றும் இல்லை. ஒயின் பேச்சில் பாவலா நிறைய உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மச்சான் சொன்ன வெண்ணிலாவும் மிளகும் அந்தக் கணக்கில் சேராது. இரண்டுக்கும் காரணமான பொருள் என்ன என்று ரசாயனத்தில் கண்டுபிடித்துப் பெயரே வைத்திருக்கிறார்கள். அவை உங்களுக்கு எட்டாமல் போனதற்கு வெயிலும் உப்புக்கறியும்தான் காரணம். கானாடுகாத்தான் பக்கம், விடுதியாக மாற்றிய ஒரு பழைய வீட்டில் சாப்பாட்டு மேசையும் ஒயினும் என் பொறுப்பு. நம்ம ஊர்க்காரர்கள் முதல்முறை ருசி பார்த்துவிட்டுச் சொல்வது அநேகமாக நீங்கள் எழுதிய அதே வரிகள்தான்.

முதலில் வெயில். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். அந்த அறை ஐரோப்பாவின் பழைய கல் வீட்டு அறை. 16 முதல் 18 டிகிரி இருக்கும். நம்ம பக்கம் சித்திரையில் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குள் 32 டிகிரி சாதாரணம். முற்றமும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள வீடாக இருந்தாலும் பெரிதாகக் குறையாது. அந்தச் சூட்டில் ஒயினில் உள்ள ஆல்கஹால்தான் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும். பரோசா ஷிராஸில் 14 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருப்பது வழக்கம். பழ வாசம், மர வாசம் எல்லாம் அதன் அடியில் அமுங்கிப்போகும். ஆகவே சிவப்பு பாட்டிலைத் திறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஃபிரிட்ஜில் வையுங்கள். சிவப்பைக் குளிர வைக்கலாமா என்று யாராவது கேட்டால், ஆமாம், இந்த ஊரில் வைக்கத்தான் வேண்டும் என்று சொல்லுங்கள்.

வெள்ளையில் சிக்கல் நேர் எதிர். ஃபிரிட்ஜின் 4, 5 டிகிரியில் இருந்து எடுத்த கையோடு ஊற்றினால் வாசமே எழாது, புளிப்பு மட்டும் நாக்கில் நிற்கும். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் விட்டால் 8, 10 டிகிரிக்கு வந்துவிடும். அப்போது முகர்ந்து பாருங்கள்.

அடுத்தது காரம். மிளகாயின் எரிச்சல் சுவை மொட்டில் பதிவாவதில்லை. சூட்டை உணரும் நரம்பு முனையில்தான் பதிவாகிறது. அந்த முனை சாதாரணமாகச் சுமார் 42 டிகிரிச் சூட்டில்தான் தூண்டப்படும். ஆல்கஹால் பட்டால் அந்த வரம்பு சுமார் 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது என்று 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது வாயின் சொந்தச் சூடே போதும், எரிய ஆரம்பித்துவிடும். ஏற்கெனவே வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு வதக்கிய உப்புக்கறி வேலை பார்த்த வாயில் 14 சதவீத ஆல்கஹாலை ஊற்றினால் என்ன ஆகும்? எரிந்தது ஒயின் என்று நினைத்தீர்கள். பாதி எரிச்சல் மிளகாயுடையது.

நாக்கை இழுத்துப் பிடித்தது டேனின். திராட்சையின் தோலில் இருந்தும் விதையில் இருந்தும், கொஞ்சம் மரப்பீப்பாயில் இருந்தும் வரும். எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு வாயின் வழுவழுப்பை எடுத்துவிடும். பாக்கு மெல்லும்போது வரும் அதே துவர்ப்பு. காரமும் துவர்ப்பும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று ஏற்றிவிடும். இரண்டு சிவப்பும் ஒரே மாதிரி தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. எந்த ஷிராஸை ஊற்றியிருந்தாலும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

எனவே ருசி பார்ப்பதும் சாப்பாட்டோடு குடிப்பதும் வேறு வேறு வேலை. ருசி பார்ப்பது வெறும் வாயில், சாப்பாட்டுக்கு முன்னால். இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் காலையில், நாக்கு களைக்காத நேரத்தில் பார்ப்பார்கள். காலை பதினொரு மணிக்கு நீங்கள் கிளாஸைத் தூக்கினால் வீட்டில் ஆச்சி என்ன சொல்வார்கள் என்பது உங்கள் பாடு. சாயங்காலம் ஆறு மணி போதும். வெற்றிலை போட்ட வாய், காபி குடித்த வாய், பல் துலக்கிய உடனே உள்ள வாய், மூன்றும் ஆகாது. அடுப்படியில் கல்பாசியும் சோம்பும் தாளிக்கும் நேரமும் வேண்டாம். அந்த மணத்துக்கு முன்னால் எந்த ஒயினும் நிற்காது.

ஒரு கிளாஸுக்கு 50 மில்லி ஊற்றினால் தாராளம். 750 மில்லி பாட்டிலில் அப்படிப் பதினைந்து ஊற்று வரும். விழுங்க வேண்டிய அவசியமும் இல்லை. வாயில் சுழற்றித் துப்பிவிடுவதுதான் முறை. பழைய வீடு என்றால் பரணில் பித்தளைப் படிக்கம் ஒன்று கிடக்கும், எடுத்துத் துலக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பாருங்கள். கிளாஸ் கண்ணாடியாக, வயிறு அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும். எவர்சில்வர் டம்ளரில் நிறமும் தெரியாது, வாசமும் தங்காது. நிறம் பார்க்கக் கிளாஸை ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பிடியுங்கள். ஆத்தங்குடித் தரையின் சிவப்பும் பச்சையும் பின்னால் இருந்தால் எல்லா ஒயினும் ஒரே நிறம்தான்.

பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு பயிற்சி சொல்கிறேன், செலவில்லாதது. பால் இல்லாத தேநீர் நான்கு கிளாஸ் போடுங்கள். ஒன்று இரண்டு நிமிடம் ஊறியது, அப்படியே. இரண்டாவது பத்து நிமிடம் ஊறியது. மூன்றாவது, இரண்டு நிமிடத் தேநீரில் எலுமிச்சை பிழிந்தது. நான்காவது, அதே எலுமிச்சைத் தேநீரில் சர்க்கரை சேர்த்தது. நன்றாக ஆறவிட்டுக் குடித்துப் பாருங்கள். இரண்டாவதில் ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுக்கும், அது துவர்ப்பு. மூன்றாவதில் நாக்கின் இரு ஓரத்திலும் எச்சில் ஊறும், அது புளிப்பு. புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு 'கசக்குது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நான்காவதில் மூன்றாவதில் இருந்த அதே அளவு புளிப்புத்தான் இருக்கிறது, ஆனால் சர்க்கரை அதை மறைத்துவிட்டது. இனிப்பும் புளிப்பும் ஒன்றை ஒன்று மறைக்கும் என்பது பிடிபட்டால் வெள்ளை ஒயினில் பாதி புரிந்துவிடும். உங்கள் நியூசிலாந்து வெள்ளையில் புளிப்பு அதிகம், இனிப்பு மிகக் குறைவு. குளிர் தேசத்தில் திராட்சை பழுக்கும்போது அமிலம் அதிகம் கரையாமல் தங்கிவிடும். அது அந்த ஒயினின் குணம்.

இனி வாசம். ஒயினில் திராட்சை வாசம் வரவில்லையே என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சையைத் தின்று வளர்ந்த நமக்கு அந்த மணம்தான் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பழம் மஸ்கட் ஹாம்பர்க் வகை. மஸ்கட் குடும்பம் ஒயினான பிறகும் அப்படிப் பழமாகவே மணக்கும். ஷிராஸோ சொவின்யோனோ அப்படி இருக்காது. அந்தப் பழைய மணத்தில் இருந்தே தொடங்க ஆசை என்றால் இத்தாலியின் மொஸ்காட்டோ தாஸ்தி கிடைக்கும்போது வாங்குங்கள். இனிப்பு, லேசான நுரை, ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டித்தான். அதை இளக்காரமாகப் பேசும் ஒயின் அறிஞர்கள் உண்டு, காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மச்சான் சொன்ன வெண்ணிலா எங்கிருந்து வந்தது? ஓக் மரப் பீப்பாயில் இருந்து. பீப்பாயை உள்ளே நெருப்பில் வாட்டும்போது மரத்தில் வெண்ணிலின் உருவாகிறது. அதே மரத்தில் கிராம்பில் இருக்கும் யூஜெனாலும் உண்டு. அமெரிக்க ஓக்காக இருந்தால் தேங்காய் வாசம் தரும் லாக்டோனும் தூக்கலாக இருக்கும். பரோசாவில் அமெரிக்க ஓக்கை வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே அந்தக் கிளாஸில் வெண்ணிலாவைத் தேடாதீர்கள், கொப்பரையையும் கிராம்பையும் தேடுங்கள். நமக்கு வெண்ணிலா ஐஸ்கிரீமோடு வந்தது. கிராம்பு அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. வெள்ளையில் கொய்யா தெரிகிறதா என்று பாருங்கள். பழுத்த கொய்யாவில் உள்ள ஒரு கந்தக வாசப் பொருள் நியூசிலாந்து சொவின்யோன் பிளாங்கிலும் உண்டு. கூடவே குடைமிளகாயை நறுக்கியது போன்ற பச்சை வாசம் வரும். குடைமிளகாயிலும் இந்த ஒயினிலும் இருப்பது பைரசீன் என்ற ஒரே வகைப் பொருள். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் 1984இல் ஒயின் வாசங்களைச் சக்கரமாக வரைந்து கொடுத்தார். உலகம் முழுக்க அதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். அதில் உள்ள ராஸ்ப்பெர்ரியும் பிளாக்கரண்டும் நம்ம சந்தையில் கிடையாது. நாவல்பழம், கொடுக்காப்புளி, கருப்பட்டி, சுக்கு, நன்னாரி என்று உங்களுக்குத் தெரிந்ததை வைத்துக் குறிப்பு எழுதுங்கள். அடுத்த முறை அந்த ஒயினைக் கண்டுபிடிக்க உதவினால் அது நல்ல குறிப்பு.

மிளகு வாசத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஷிராஸின் மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் அறிவித்தார்கள். நாம் ரசத்தில் போடும் மிளகில் இருப்பதும் அதே பொருள்தான், அளவு பல மடங்கு கூடுதல். ஒயினில் ஒரு லிட்டருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் சில பத்துப் பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். ஆனால் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் தெரிவதில்லை. நீங்கள் அந்த ஐந்தில் ஒருவராகவும் இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று: குளிர்ந்த இடத்து ஷிராஸில் ரோட்டண்டோன் அதிகம், வெயில் தேசத்தில் குறைவு. பரோசாவும் நாசிக்கும் வெயில் இடங்கள்தான். மச்சானுக்கு அதில் மிளகு கிடைத்திருந்தால் அவர் மூக்கு கூர்மையானது, அல்லது லேபிளைப் படித்துவிட்டு முகர்ந்திருக்கிறார். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

மூன்று கிளாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒரே ஒயின், மூன்றாவதில் வேறு. ஊற்றுகிறவர் ஒருவர், ருசிப்பவர் இன்னொருவர், கண்ணைக் கட்டிக்கொண்டு. வேறாக இருப்பது எது என்று மட்டும் கேளுங்கள். எது உயர்ந்தது என்று கேட்க வேண்டாம். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு, அதனால் வரிசையை மாற்றி மாற்றிச் சில சுற்றுப் பார்க்க வேண்டும். கண்ணைக் கட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2001இல் வெளியான பிரபலமான ஆய்வு ஒன்றில், பிரான்ஸின் போர்தோவில் ஒயின் படிப்பு படித்த 54 பேருக்கு வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு எழுதும் வருணனைகளையே அதற்கும் எழுதி வைத்தார்கள். படித்தவர்களையே கண் ஏமாற்றுகிறது. மச்சானையும் ஒரு சுற்று உட்கார வையுங்கள், மனஸ்தாபம் வராமல்.

ஒப்பிடுவதில் ஒரே ஒரு விதிதான் முக்கியம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உங்கள் மேசையில் நாடு, திராட்சை, நிறம், வெப்பம் எல்லாம் ஒரே ராத்திரியில் மாறின. இருந்ததில் நல்ல ஜோடி இரண்டு ஷிராஸும்தான். அந்த வெள்ளைக்கு அன்றைக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டு ஷிராஸையும் ஒரே குளிர்ச்சியில், ஒரே மாதிரி கிளாஸில், பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதை மட்டும் பாருங்கள்: எது வாயில் கனமாக உட்காருகிறது, எது தொண்டையில் அதிகம் சுடுகிறது, எதில் மர வாசம் முந்துகிறது. நாசிக்கில் கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. மழை முடியும் சமயத்தில் கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை, வெயில் ஏறுவதற்குள் அறுத்துவிடுவார்கள். பரோசாவிலும் பழம் பறிப்பது பிப்ரவரி, மார்ச்சை ஒட்டித்தான், ஆனால் அங்கே அது கோடையின் கடைசி. ஒரே பழம் இரண்டு விதமாகப் பழுத்ததைத்தான் நீங்கள் குடிக்கிறீர்கள்.

அடுத்த ஜோடி, ஒரே கம்பெனியின் இரண்டு வெள்ளை ஒயின்கள், செனின் பிளாங்க்கும் சொவின்யோன் பிளாங்க்கும். 1999இல் தொடங்கிய நாசிக் ஒயின் கம்பெனி சூலா இரண்டையும் போடுகிறது. அவர்களுடைய செனினில் லேசான இனிப்பு நிற்கும், சொவின்யோனில் இருக்காது. தேநீர்ப் பயிற்சியில் மூன்றாவது, நான்காவது கிளாஸ் எதற்கு என்று அப்போது தெரியும்.

சாப்பாட்டுக்கு வருவோம். செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்கு ஒயின் ஒத்துவராது என்று ஒரே அடியாகச் சொல்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் சிவப்பையே ஊற்றிப் பார்த்தவர்கள். மிளகாய் தூக்கலாக இருந்தால் ஆல்கஹாலும் டேனினும் குறைந்த, கொஞ்சம் இனிப்புள்ள, குளிர்ந்த ஒயின் வேண்டும். நண்டு மசாலா, இறால் தொக்கு, கோழி வறுவல் எல்லாவற்றுக்கும் நான் முதலில் எடுப்பது அந்த இனிப்புச் சாயல் உள்ள செனின்தான். சிங்கப்பூரில் இருந்து யாராவது வந்தால் ரீஸ்லிங் என்ற ஜெர்மன் வெள்ளை ஒயினில், லேபிளில் கபினெட் என்று எழுதியதைக் கேளுங்கள். அதில் 8, 9 சதவீத ஆல்கஹால் உள்ளவை கிடைக்கும், நண்டுக்கு அதைவிடப் பொருத்தமாக நான் எதையும் பார்த்ததில்லை. புளி ஊற்றிய காரக்குழம்புக்கும், அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கும் மண்டிக்கும் புளிப்புக் குறைந்த ஒயின் தண்ணீர் மாதிரி சப்பென்று போய்விடும். சாப்பாட்டில் உள்ள அளவுக்காவது ஒயினிலும் புளிப்பு இருக்க வேண்டும். உங்கள் நியூசிலாந்து வெள்ளைக்கு அங்கேதான் இடம்.

ஷிராஸுக்கு மிளகாய் குறைத்து மிளகு கூட்டிய ஆட்டுக்கறிச் சுக்கா. இறைச்சியின் கொழுப்பும் புரதமும் டேனினை வாங்கிக்கொள்ளும், நாக்கை இழுப்பது குறையும். கோலா உருண்டையும் நன்றாகப் போகும். வெள்ளைப் பணியாரத்தைத் தனியாகச் சாப்பிட்டால் நுரை ஒயின் அருமை. மிளகாய்ச் சட்னியைத் தொட்டால் அந்த நுரையே சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். கவுனி அரிசி இனிப்புக்கு, பிந்தி அறுவடை செய்த இனிப்புச் செனின். இனிப்புப் பலகாரத்தோடு இனிப்பில்லாத ஒயினை வைத்தால் எலுமிச்சை கடித்தது போல ஆகிவிடும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும். உப்புக்கறிக்கு என்ன என்று கேட்பீர்கள். மோர்.

வாங்குவது பற்றி. 2003இல் இருந்து தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை டாஸ்மாக் ஒன்றிடம்தான், வயது 21 ஆகியிருக்க வேண்டும். ஒயின் வகை வேண்டுமென்றால் பெரிய ஊர் எலைட் கடைகளில் தேடுங்கள். பாண்டிச்சேரியில் மலிவு என்று எல்லை தாண்டிக் கொண்டுவருவது வழக்கில் முடியும். கடையில் பாட்டிலை எடுத்ததும் மூடியைப் பாருங்கள். தக்கை மேலே தள்ளியிருந்தாலோ கழுத்தில் பிசுபிசுப்பு வழிந்திருந்தாலோ அது வெயிலில் வெந்த சரக்கு, வேண்டாம். வெள்ளையில் ஆண்டு எவ்வளவு புதிதோ அவ்வளவு நல்லது. திருகு மூடியைப் பார்த்து மட்டமாக நினைக்காதீர்கள். நியூசிலாந்தில் விலை கூடிய ஒயினுக்கும் அதையே போடுகிறார்கள். தக்கை போட்ட பாட்டிலில் எப்போதாவது நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும். தக்கை கெட்டதால் வருவது அது. குடித்தால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் அந்த பாட்டிலை வைத்து அந்த ஒயினை எடைபோட வேண்டாம்.

அளவைப் பற்றி ஒரு வரி. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று மச்சான் சொல்லியிருந்தால், பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள். துப்பப் பழகினால் ஒரே சாயங்காலம் நாலைந்து ஒயினை ஒப்பிடலாம், தலையும் தெளிவாக இருக்கும். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், அன்றைக்கு வண்டி எடுக்காதீர்கள்.

பாட்டிலில் மிச்சம் இருந்தால், சிவப்பானாலும் வெள்ளையானாலும், இறுக்க மூடி ஃபிரிட்ஜில் நிறுத்தி வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் ஒரு வாய் பாருங்கள். முதல் நாள் முரடாக இருந்த ஷிராஸ் காற்றுப்பட்டு இளகியிருப்பதைப் பல தடவை பார்க்கலாம், வெள்ளையில் வாசம் இறங்கியிருக்கும். மூன்று நாள் வரை தாங்கும். அதற்கு மேல் காடி வாசம் அடிக்க ஆரம்பித்தால் கொட்டிவிடுங்கள், கறியில் ஊற்றிப் பார்க்க வேண்டாம்.